ஆய்வுச் செய்தி வந்த அன்று மாத்திரை அட்டையை என்ன செய்வது?

2022 ஜூலைக் கடைசியில் ஒரு மதியம். கடையில் கூட்டமில்லை. இருபத்தைந்து வயது இருக்கும், பதினோரு மாதமாக எங்களிடமே மருந்து வாங்குகிற பெண், கவுண்டர் மேல் ஓர் அட்டையை வைத்தாள். பத்து மாத்திரை அட்டையில் ஆறு மிச்சம்.

"இதைத் திருப்பி எடுத்துக்குவீங்களாக்கா?"

மனச்சோர்வுக்கான மாத்திரை. என்னம்மா ஆச்சு என்றேன்.

"மூளையில செரோடோனின்ங்கிற கெமிக்கல் கொறைஞ்சா டிப்ரஷன் வரும்ங்கிறதே பொய்யாம்க்கா. லண்டன்ல கண்டுபிடிச்சிருக்காங்க, நியூஸ்ல பார்த்தேன். நாலு நாளா போடல."

சொல்லும்போது இரண்டு கையாலும் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, தலை சுற்றுகிறது, கண்ணைத் திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் அடித்த மாதிரி வெட்டுகிறது என்றாள். அந்த வகை மாத்திரையைப் பட்டென்று நிறுத்தினால் வருகிற அடையாளம் அது. ஸ்டூலில் உட்கார வைத்து, சீட்டில் இருந்த டாக்டர் நம்பருக்கு நானே போன் போட்டுக் கொடுத்தேன்.

ராத்திரி கடை சாத்தியதும் அந்த ஆய்வைத் தேடிப் படித்தேன். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்திருந்தார்கள். செரோடோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். சரி. ஆனால் மாத்திரை வேலை செய்கிறதா இல்லையா என்பது அவர்கள் சோதித்த கேள்வியே இல்லை. பாராசிட்டமால் போட்டால் தலைவலி நிற்கிறது. உடம்பில் பாராசிட்டமால் குறைந்ததால்தான் தலைவலி வந்தது என்று யாரும் சொல்வதில்லை. நோய் எதனால் வந்தது என்பது ஒரு கேள்வி, மருந்து கேட்கிறதா என்பது வேறு கேள்வி. அந்தப் பெண் பார்த்த செய்தியில் இரண்டும் ஒன்றாகக் கலந்துபோயிருந்தது.

நான் பார்மசிஸ்ட். திண்டுக்கல்லில் 19 வருடமாகக் கவுண்டரில் நிற்கிறேன். பெரிய ஆய்வுச் செய்தி ஒன்று வந்தால் மறுநாள் காலை அது என் கடைக்கு வந்துவிடும், யாராவது ஒருவர் கையில் போனோடு. அப்படி வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அட்டை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்

செய்தி எதுவானாலும் சரி, இன்றைய வேளை மாத்திரையை இன்றைக்குப் போடுங்கள். பிரஷர், சுகர், கொழுப்பு, தைராய்டு, வலிப்பு, மனநல மாத்திரை எல்லாவற்றுக்கும் இதுதான். ஓர் ஆய்வு வெளிவர இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். நீங்கள் டாக்டரைப் பார்க்கப்போகும் அடுத்த வாரம் வரை அது காத்திருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

உண்மையிலேயே உடனே நிறுத்த வேண்டிய மருந்து வேறு விதமாக வரும். தரமில்லாத சரக்கு என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவித்தால், அதில் கம்பெனி பெயரும் பேட்ச் நம்பரும் இருக்கும். அந்த நம்பரை உங்கள் அட்டையின் பின்பக்கம் அச்சடித்திருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பேட்ச் நம்பர் இல்லாமல் "இந்த மாத்திரையே ஆபத்து" என்று மட்டும் வந்தால், அது நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டிய செய்தி.

இதை நான் வற்புறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2013-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரைகளைக் கேள்வி கேட்டு ஒளிபரப்பானது. அப்புறம் அந்த நாட்டு மருந்துக்கடைகளில் எவ்வளவு மாத்திரை போனது என்ற கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். மாத்திரையைக் குறைத்தவர்களும் விட்டவர்களுமாகச் சுமார் 60,000 பேர் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அவர்களில் ஏற்கனவே ஒரு முறை மாரடைப்பு வந்தவர்களும் இருந்திருப்பார்கள். கவுண்டரில் நிற்கிற எனக்கு அந்த 60,000 என்பது எண்ணாகத் தெரியவில்லை. மாதாமாதம் வந்துகொண்டிருந்த ஒரு முகம் திடீரென்று வராமல் போவதுதான் கண்ணில் வருகிறது.

யாரிடம் செய்து பார்த்தார்கள்?

அட்டை பத்திரமாக இருக்கிறது. இனி செய்தியைப் படியுங்கள், ஆனால் தலைப்பை விட்டுவிட்டு. ஐந்தாவது ஆறாவது பத்தியில் எங்கேயோ "எலிகளில்" என்றோ "ஆய்வகச் செல்களில்" என்றோ ஒரு வார்த்தை இருக்கும். அதைத் தேடுங்கள். 2019-ல் ஜேம்ஸ் ஹெதர்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் ட்விட்டரில் இதற்கென்றே ஒரு கணக்கு தொடங்கினார். வருகிற மருத்துவச் செய்திகளை எடுத்து, மேலே "எலிகளில்" என்ற ஒரே வார்த்தையைச் சேர்த்துப் போடுவார், அவ்வளவுதான். பாதிச் செய்திகளின் கனம் அந்த ஒரு வார்த்தையில் இறங்கிவிடும்.

நம் ஊரில் இது அதிகம் நடப்பது மஞ்சளில். மஞ்சளில் உள்ள குர்குமின் புற்றுநோய் செல்லைக் கொல்கிறது என்று வருடத்துக்கு நாலு தடவை வரும். கண்ணாடித் தட்டில் கொன்றிருக்கும், அது உண்மைதான். ஆனால் வாய் வழியாகச் சாப்பிட்டால் குர்குமின் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. 2017-ல் வேதியியலாளர்கள் சிலர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று கொடுப்பவர், சாப்பிடுபவர் இரு தரப்புக்கும் தெரியாமல் மனிதர்களிடம் நடத்திய சோதனைகளில் ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள். குழம்பில் மஞ்சள் போடுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தாராளமாகப் போடுங்கள். கீமோவுக்குப் பதிலாக மஞ்சள் கேப்ஸ்யூல் கேட்டு ஒருவர் வந்தபோது நான் விற்கவில்லை. அவரை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினேன்.

பார்த்தது வேறு, கொடுத்துப் பார்த்தது வேறு

மனிதர்களிடம் செய்த ஆய்விலும் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, மக்கள் தாமாக என்ன சாப்பிடுகிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு, பின்னால் யாருக்கு என்ன ஆனது என்று பார்ப்பது. மற்றொன்று, குலுக்கல் முறையில் இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குக் கொடுத்து, மற்றதற்குக் கொடுக்காமல் பார்ப்பது.

2024 மார்ச்சில் காலை நடைக்காரர்கள் மூன்று பேர் ஒன்றாகக் கடைக்கு வந்தார்கள். மூன்று பேரும் எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துவிட்டு மீதி நேரம் விரதம் இருப்பவர்கள். "அப்படி இருந்தா இதய நோயில சாகிறது 91 சதவீதம் கூடுதலாமேம்மா?" என்று கேட்டார்கள். முகத்தில் பயம் தெரிந்தது. செய்தி வந்தது உண்மை. அமெரிக்க இதய சங்கத்தின் ஒரு கூட்டத்தில் வாசித்த சுருக்கம் அது. முழுக் கட்டுரையாக வந்து மற்ற நிபுணர்கள் சரிபார்ப்பதற்கு முன்பே உலகம் முழுக்கச் செய்தியாகிவிட்டது. சுமார் 20,000 அமெரிக்கர்களிடம் "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்" என்று இரண்டு நாள் கேட்டதை வைத்துத்தான் யார் எட்டு மணி நேரத்தில் சாப்பிடுகிறவர் என்று முடிவு செய்திருந்தார்கள். அப்புறம் பல வருடம் கழித்து யார் இறந்தார் என்று பார்த்தார்கள்.

நான் அந்தப் பெரியவர்களிடம் கேட்டது இதுதான்: "ஐயா, ஒரு நாள்ல எட்டு மணி நேரத்துக்குள்ள மட்டும் சாப்பிடுறவங்க யாரா இருப்பாங்க? உங்களை மாதிரி யோசிச்சு விரதம் இருக்கிறவங்க சில பேர். ராத்திரி ஷிப்ட் முடிச்சுத் தூங்கிப் போனவங்க, பசியே எடுக்காத நோயாளி, தனியா இருந்து சமைக்க முடியாத வயசானவங்க, இவங்களும் அந்தக் கணக்குலதானே வருவாங்க?" அவர்களே யோசித்து, அப்போ விரதத்தால செத்தாங்களா, செத்துப்போற நிலைமையில இருந்ததால சாப்பிடலையான்னு தெரியாதே என்றார்கள். அதேதான். ஆராய்ச்சியாளர்கள் வயது, புகை பழக்கம் போன்றவற்றைக் கழித்துக் கணக்குப் போடத்தான் செய்கிறார்கள், ஆனாலும் கழிக்க முடியாதது எப்போதும் மிச்சம் இருக்கும். சுகர் மாத்திரை போடுகிற ஒருவரை மட்டும், விரதம் இருப்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், தாழ்நிலைச் சர்க்கரை வரும் என்று எச்சரித்து அனுப்பினேன்.

கொடுத்துப் பார்க்கிற ஆய்வு எவ்வளவு பெரிய காரியம் செய்யும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 1950-களில் காசநோய் வந்தவரை நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு உள்ள சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைக்க வேண்டும் என்பதுதான் வழக்கம். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தில், ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்துக்கும் பாதிப் பேரை வீட்டுக்கும் அனுப்பி, இரு தரப்புக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் சாப்பாடு மோசம், இடநெருக்கடி வேறு. 1959-ல் முடிவு வந்தது: இரு தரப்பும் கிட்டத்தட்ட ஒரே அளவு குணமாகியிருந்தார்கள். உலகம் முழுக்கக் காசநோயாளிகள் இன்று வீட்டில் இருந்தே மருந்து சாப்பிட முடிகிறது என்றால் அந்த ஆய்வுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. வெறுமனே பார்த்துக் கணக்கெடுத்திருந்தால், சானடோரியத்துக்குப் போக வசதி உள்ளவர்கள்தான் நன்றாகக் குணமானார்கள் என்று வந்திருக்கும். ஆய்வுகள் மீது எனக்கு இருக்கிற மரியாதைக்கு இது ஒரு காரணம். செய்தியைச் சந்தேகிக்கச் சொல்கிறேனே தவிர, ஆராய்ச்சியை வெறுக்கச் சொல்லவில்லை.

சதவீதத்தை ஆள் கணக்காக மாற்றுங்கள்

இதைப் பில் பேப்பரின் பின்பக்கம் எழுதிக் காட்டினால் எல்லோருக்கும் புரிகிறது. 1995 அக்டோபரில் பிரிட்டனில் சில புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டு ஆபத்து இரண்டு மடங்கு ஆகிறது என்று அரசுக் குழு எச்சரித்தது. இரண்டு மடங்கு என்றதும் பெண்கள் பயந்து மாத்திரையை விட்டார்கள். எதிலிருந்து எதற்கு இரண்டு மடங்கு? 7,000 பெண்களில் ஒருவருக்கு என்பது 7,000 பெண்களில் இரண்டு பேருக்கு என்று ஆகியிருந்தது. அடுத்த வருடம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்பு சுமார் 13,000 கூடியது. இதில் நெஞ்சைப் பிசைவது என்னவென்றால், கர்ப்பமாக இருக்கும்போது ரத்தக்கட்டு வரும் ஆபத்து, அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம்.

எனவே "50 சதவீதம் கூடும்", "இரண்டு மடங்கு" என்று பார்த்தால், எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். செய்தியில் அது இல்லாவிட்டால் அந்தச் செய்தி அரைகுறை.

இதே கணக்கு நல்ல செய்தியின் மதிப்பையும் காட்டும். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தி 2006-ல் வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் கிடைத்தவர்களில் மூன்று வருடத்தில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடை, சாப்பாட்டு மாற்றம் என்று தொடர்ந்து வழிநடத்தப்பட்டவர்களில் 100-க்கு 39 பேருக்கு வந்தது. சதவீதமாகச் சொன்னால் 28.5 சதவீதம் குறைவு, கேட்க ஏதோ சுமார் போலத் தெரியும். ஆள் கணக்கில் நூறு பேரில் பதினாறு பேர் தப்பித்திருக்கிறார்கள். என் கடைக்கு எதிரே உள்ள தெருவில் நூறு வீடு இருக்கும். பதினாறு வீடு.

"புற்றுநோய்ப் பட்டியல்" என்றால்

2023 ஜூலையில் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு செய்தியில் வந்தது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு அதை, புற்றுநோய் வரவழைக்கக்கூடும் என்று சொல்கிற 2பி பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியல், ஆதாரம் எவ்வளவு உறுதி என்று சொல்வது. ஆபத்து எவ்வளவு பெரியது என்று சொல்வதில்லை. முழுக் கற்றாழை இலைச் சாறும் அதே 2பி-யில்தான் இருக்கிறது. அதே நாளில் இன்னொரு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய தினசரி வரம்பை மாற்ற வேண்டியதில்லை என்றது. எழுபது கிலோ ஆள் அதைத் தாண்ட ஒரு நாளில் 9 முதல் 14 கேன் டயட் பானம் குடிக்க வேண்டும் என்று அவர்களே கணக்குச் சொன்னார்கள். டீயில் ஒரு வில்லை போடுகிற பெரியம்மாவிடம் நான் இதைத்தான் சொன்னேன். அவர் அப்படியா என்று கேட்டுவிட்டு ஒரு டப்பா வாங்கிப் போனார்.

மனம் பற்றிய செய்திகளுக்கு இன்னும் பொறுமை

என் தங்கை தன் நாலு வயது மகன் முன்னால் ஒரு கடலைமிட்டாயை வைத்து, "பத்து நிமிஷம் தொடாம இருந்தா ரெண்டு தர்றேன்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள். திரும்பி வந்தபோது மிட்டாய் இல்லை, அவன் கன்னத்தில் வெல்லம் ஒட்டியிருந்தது. அன்று ராத்திரி எனக்குப் போன் செய்து அழுதாள். சின்ன வயதில் பொறுத்திருக்கிற பிள்ளைதான் பிற்காலத்தில் முன்னேறும் என்று எங்கோ படித்திருக்கிறாள்.

அது அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷெல் என்ற மனோதத்துவ நிபுணர் தொடங்கிய பழைய ஆய்வு. 2018-ல் வேறு ஆராய்ச்சியாளர்கள் 900-க்கு மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை வைத்து மறுபடி பார்த்தார்கள். குடும்பப் பின்னணியையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் எடுத்ததும், காத்திருந்ததற்கும் பின்னாளைய படிப்புக்கும் இருந்த தொடர்பு மூன்றில் இரண்டு பங்கு கரைந்துவிட்டது. தங்கையிடம் இதைப் பொறுமையாகச் சொன்னேன். அவன் பசியோடு இருந்தானா என்றும் கேட்டேன். ஆமாம், மதியம் சரியாகவே சாப்பிடவில்லை என்றாள்.

மனோதத்துவச் செய்தி வந்தால் நான் கேட்கிற ஒரே கேள்வி: வேறு யாராவது மறுபடி செய்து பார்த்தார்களா? 2015-ல் பிரையன் நோசெக் என்ற மனோதத்துவ ஆராய்ச்சியாளர் தலைமையில் 100 மனோதத்துவ ஆய்வுகளை மீண்டும் செய்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் விளைவு உண்டு என்றவை. மறுபடி செய்தபோது 36 சதவீதத்தில்தான் அப்படி வந்தது. அதனால் பிள்ளை வளர்ப்பிலோ கணவன் மனைவி பேச்சிலோ ஒரே ஓர் ஆய்வை வைத்து எதையும் மாற்றாதீர்கள்.

படித்த பிறகு உடம்பு வலித்தால்

ஸ்டேட்டின் பற்றி மோசமான செய்தி வந்த வாரத்தில், இரண்டு வருடமாகப் பேசாமல் சாப்பிட்டவர்களும் வந்து தொடை வலிக்கிறது என்பார்கள். பொய் சொல்லவில்லை, வலி நிஜம். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஸ்டேட்டின் ஒத்துக்கொள்ளாமல் விட்ட 60 பேருக்கு ஒரு வருடத்துக்குப் பன்னிரண்டு குப்பிகள் கொடுத்தார்கள். நாலில் ஸ்டேட்டின், நாலில் வெற்று மாத்திரை, நாலு காலிக் குப்பி. எந்த மாதம் எது என்பது குலுக்கல். தினமும் உபாதைக்கு நூற்றுக்கு மதிப்பெண் போட வேண்டும். 2020-ல் வந்த முடிவு: எதுவும் போடாத மாதங்களில் சராசரி 8, வெற்று மாத்திரையில் 15.4, ஸ்டேட்டினில் 16.3. ஆக, உபாதையில் பெரும்பகுதி மாத்திரையை விழுங்குகிறோம் என்ற நினைப்பிலேயே வந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு பாதிப் பேர் மறுபடி சாப்பிடத் தொடங்கினார்கள்.

உண்மையான தசைப் பாதிப்பும் சிலருக்கு வரும். சிறுநீர் கருத்துப் போனாலோ, கை கால் பலவீனமானாலோ அன்றே டாக்டரிடம் போக வேண்டும். மற்றபடி வலி என்றால் நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொல்கிறேன். தேதி, எங்கே வலி, பத்துக்கு எவ்வளவு, அன்று என்ன வேலை செய்தீர்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மூன்று வாரம் எழுதிக்கொண்டு வந்தார். வலி எட்டு என்று இருந்த நாலு நாளும் அவர் மோட்டார் ஓடாமல் கிணற்றில் தண்ணீர் இறைத்த நாள். அந்த நோட்டை அப்படியே டாக்டரிடம் காட்டச் சொன்னேன்.

மூல ஆய்வைப் பார்க்க வேண்டுமென்றால்

பப்மெட் என்ற தளத்தில் ஆய்வுச் சுருக்கங்கள் இலவசம். ஆங்கிலத்தில் இருக்கும், போனிலேயே மொழிபெயர்த்துப் படிக்கலாம். எல்லாம் புரிய வேண்டியதில்லை. "மைஸ்" என்றால் எலி, "கோஹார்ட்" என்றால் பார்த்துக் கணக்கெடுத்தது, "ரேண்டமைஸ்டு" என்றால் குலுக்கல் போட்டுக் கொடுத்துப் பார்த்தது, "ப்ரீபிரிண்ட்" என்றால் இன்னும் யாரும் சரிபார்க்கவில்லை. இந்த நாலு சொல்லைக் கண்டுபிடித்தாலே போதும்.

குடும்பக் குழுவில் பெரியவர் ஒருவர் அனுப்பிவிட்டால், "எல்லாம் பொய்" என்று பதில் போடாதீர்கள், அவர் அக்கறையில்தான் அனுப்பியிருக்கிறார். நான் இப்படிப் போடுவேன்: "படிச்சேன் பெரியப்பா. இது மனுஷங்ககிட்ட செஞ்சதா எலிகிட்ட செஞ்சதான்னு அதுல போடல, பார்த்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் சுகர் மாத்திரையை விட்றாதீங்க." சொன்னபடி பார்த்துவிட்டு நிச்சயம் சொல்லவும் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தடவை கேட்க மாட்டார்.

டாக்டரிடம் போகும்போது ஒரு துண்டுச் சீட்டில் மூன்றே கேள்வி எழுதிக்கொள்ளுங்கள்: இந்தச் செய்தி என் வயது, என் நோய் உள்ளவர்களைப் பற்றியதா? இந்த மாத்திரையால் எனக்குக் கிடைக்கிற பலன் என்ன? நிறுத்துவதானால் எப்படிப் படிப்படியாக நிறுத்துவது? அந்தப் பெண்ணுக்கு நான் எழுதிக் கொடுத்ததும் இதுதான். அட்டையைத் திருப்பி வாங்கவில்லை. டாக்டர் அதே மாத்திரையை மறுபடி தொடங்கி, அடுத்த வருடம் சில மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்.

டாக்டரைப் பார்க்க நாளாகும் என்றால் உங்கள் கடை பார்மசிஸ்டிடம் கேளுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் கூட்டத்தில் யாருக்கும் பேச நேரம் இருக்காது. மதியம் மூன்றிலிருந்து ஐந்துக்குள் போங்கள், அட்டையையும் செய்தியையும் இரண்டையும் எடுத்துக்கொண்டு.